பிறை தள்ளிப்போன ஞாயிறு

எங்கள் லீக்கில் ஐந்து கல்லூரிகள். கல்லூரி என்று எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கல்லடியில் நான் ஆங்கிலம் படிப்பிக்கும் கல்லூரி ஒரு பார்மஸியின் மேல்மாடி. ஏறாவூர்க் கல்லூரி ஒரு புடவைக்கடைக்கு மேலே. பட்டணத்திலும் களுவாஞ்சிகுடியிலும் உள்ளவையும் அப்படித்தான். வாழைச்சேனைக்காரர்களுக்கு மட்டும் தனிக் கட்டடம், அதுவும் முன்னர் கல்யாண மண்டபமாக இருந்தது. மணவறை போட்ட மேடையில் இப்போது கணினிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே டிப்ளோமாக்கள்தான். மைதானம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. பாடசாலை அதிபர்களுக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்ப் பல்லைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானம் வாங்கி விளையாடுவோம். கடிதத் தலைப்பில் சம்மேளனம் என்று நீட்டி முழக்கியிருக்கும். வாயில் வருவது லீக் என்பதுதான்.

அந்த லீக்கின் செயலாளர் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தலையில் கட்டினார்கள். போட்டி அட்டவணை போடுவது, மைதானத்துக்குக் கடிதம் எழுதுவது, கூட்டங்களில் அறிக்கைப் புத்தகம் எழுதுவது எல்லாம் என் வேலை. அத்தோடு எங்கள் கல்லூரிப் பெண்களின் வலைப்பந்தாட்ட அணிக்கும் நானே பொறுப்பு. நடுவரும் விளையாட்டு வீரரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பார்கள். செயலாளரும் ஓர் அணிக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆளாக இருக்கலாமா என்று எங்கள் லீக்கில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அட்டவணையை நான் தனியே போடுவதில்லை. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் ஏறாவூர்க் கல்லூரியில் கணினி படிப்பிக்கும் மிஸ் பஸ் ஏறிக் கல்லடிக்கு வருவார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். நான் ஒரு பஞ்சாங்கக் கலண்டரும் அவர் ஒரு பள்ளிவாசல் கலண்டரும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். கோயில் திருவிழாக்கள், தீமிதிப்பு, நோன்பு மாதம், பெருநாள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் ஞாயிறுகள் கொஞ்சம்தான். அவற்றில் அதிபர்மார் மைதானம் தரும் ஞாயிறுகள் இன்னும் கொஞ்சம். அதற்குள் ஆண்களின் கரப்பந்தாட்டம், பெண்களின் வலைப்பந்தாட்டம், ஓட்டப் போட்டிகள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும்.

இதில் பெருநாள் மட்டும் கலண்டருக்கு அடங்காது. மாலையில் பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். தென்படாவிட்டால் இன்னொரு நோன்பு, பெருநாள் ஒருநாள் தள்ளிப்போகும். அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பிறை தள்ளினால் மெச்சும், அதாவது போட்டியும், தள்ளும். பிறைச் செய்தி வந்த மாலையே அவர் எனக்குப் போனில் ஒரு கோல் எடுப்பார், நான் ஓம் என்பேன், பிறகு நடுவருக்கும் மற்றவர்களுக்கும் புதிய திகதியைச் சொல்வேன். லீக்கின் விதிப்புத்தகத்தில் இது எங்கும் இல்லை. தேநீர் குடித்துக்கொண்டு பேசிய பேச்சு. ஆனாலும் ஒரு வருடமும் பிழைத்ததில்லை.

அந்த வருடம் வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டிக்கு எங்களுக்குக் கிடைத்தது, பெருநாளுக்கு அடுத்த நாள் என்று கலண்டர் சொன்ன ஒரு ஞாயிறு. தப்பினால் அதற்கடுத்த ஞாயிறும் மைதானம் உண்டு என்றார் அதிபர்.

"வட்டிலப்பம் திண்ட மயக்கத்தில எங்கட பிள்ளைகள் வந்து நிக்கும். உங்களுக்குத்தான் லாபம் மிஸ்" என்று பெருநாள் இனிப்பை நினைத்து ஏறாவூர் மிஸ் சிரித்தார்.

அப்போது அவருடைய அணி இறுதிக்கு வரும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. அவர் அந்த அணியைக் கட்டியெழுப்பிய கதை எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்து பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், தாய்மாரோடு இருந்து கதைத்து, நீளக் கையும் முக்காடுமாக உடுப்பைத் தானே வடிவமைத்துத் தைப்பித்து, போட்டிக்குப் போகும் வேனில் இரண்டு தாய்மாருக்கும் இடம் ஒதுக்கி, அப்படித்தான் ஏழு பேரைச் சேர்த்தார். முதல் வருடம் எல்லோரிடமும் தோற்றார்கள். இந்த வருடம் எங்களைத் தவிர எல்லோரையும் வென்று இறுதிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய முதல் இறுதிப் போட்டி அது.

எங்களுக்கோ அது மூன்றாவது. முதல் இரண்டு வருடமும் கேடயம் எங்களுக்கு. மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் கேடயம் அந்தக் கல்லூரிக்கே சொந்தம் என்பது லீக்கின் விதி. எங்கள் பணிப்பாளர் வரவேற்பறைச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார். அவர்மீது பழியைப் போட்டுவிடலாம். ஆனால் அவரைவிட எனக்குத்தான் ஆசை கூட. பாடசாலைக் காலத்தில் அணியில் எட்டாவது ஆளாகப் பந்து பொறுக்கியதோடு சரி, வாழ்க்கையில் நான் எதையும் வென்றவள் இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து என்பது என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

எங்கள் பலமெல்லாம் ஒரே ஒரு பிள்ளை. கிரானிலிருந்து வந்து கல்லடியில் தங்கிப் படித்தவள். வயல்காரக் குடும்பம். நல்ல உயரம். வளையத்துக்குக் கீழே நின்று அவள் பந்தைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி எழுதலாம். முதற்சுற்றில் அவளைத் திணறடித்தது ஏறாவூர் அணியின் குட்டையான ஒரு தடுப்பாட்டக்காரி மட்டும்தான். "அவள் எப்பிடித்தான் துள்ளுறாளோ தெரியா மிஸ். பைனல்ல பாத்துக்கிறன்" என்று இவள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதற்குள் அவளுக்குக் கட்டாரில் ஹோட்டல் வேலை சரிவந்துவிட்டது. இறுதிப் போட்டி ஞாயிறு. அவளுடைய பயணம் அதற்கடுத்த வியாழன்.

இனி என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் குசினியில் நின்று வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பிறை தென்படவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் பெருநாள் என்று வானொலி சொன்னது. கத்தி நின்றுவிட்டது. முதலில் மனத்தில் வந்தது பெருநாள் அல்ல, வியாழக்கிழமைப் பயணம். அடுத்த ஞாயிறு என்றால் கிரான் பிள்ளை இல்லை. அவள் இல்லையென்றால் கேடயமும் இல்லை.

போன் அடித்தது. திரையில் ஏறாவூர் மிஸ்ஸின் பெயர். நான் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அம்மா, போன் அடிக்குது" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

"போன் கம்பனிக்காரன்ட கோல், விடு" என்றேன்.

மூன்றாவது முறையும் அடித்தது. ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. அதை நான் திறக்கவில்லை. திறந்தால் நான் கேட்டது அவருக்குத் தெரிந்துவிடும், நீலக் கோடு விழும். என்னுடைய போனில் அரைவாசி விசயம் எனக்குத் தெரியாது. படம் அனுப்பவே மகளைக் கூப்பிடுகிறவள் நான். ஆனால் அந்த நீலக் கோடு விசயம் மட்டும் அன்றைக்கு எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நினைக்க இப்போதும் காது சுடுகிறது.

சனிக்கிழமை முழுவதும் போனைக் குப்புறப் போட்டு வைத்திருந்தேன். எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அட்டவணையில் ஞாயிறு என்றுதானே இருக்கிறது, விதிப்புத்தகத்தில் பிறை என்ற சொல்லே இல்லையே, நடுவருக்கு வேறு சொல்லியாகிவிட்டதே. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

ஞாயிறு பின்னேரம் எங்கள் ஏழு பேரும் மைதானத்தில் நின்றார்கள். நடுவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார்.

"இண்டைக்குப் பெருநாள்தானே மிஸ்? அவங்க வருவாங்களா?"

"எனக்கு ஒண்டும் அறிவிக்கல்ல சேர்" என்றேன். சும்மா இருந்தது போய் இப்போது வாயைத் திறந்தே பொய் வந்துவிட்டது. அது சுலபமாகவும் வந்தது.

"உங்கட லீக். நீங்கதான் செயலாளர்" என்றார் அவர். பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

எங்கள் லீக்கில் எதிரணி வராமல் கிடைக்கும் வோக்கோவர் வெற்றிகூடச் சும்மா கிடைக்காது. வந்திருக்கும் அணி நடுவிலிருந்து பந்தைத் தொடங்கி, கொண்டுபோய், வளையத்துக்குள் ஒரு கோலாவது போட வேண்டும். அப்போதுதான் வெற்றி எழுதப்படும். எங்கள் பிள்ளைகள் யாருமில்லாத மைதானத்தில் பந்தைக் கைமாற்றிக்கொண்டு போனார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வளையத்தடியில் கிரான் பிள்ளையின் கைக்குப் பந்து வந்தது. அவள் எறிந்தாள், படவில்லை. மறுபடி எறிந்தாள், விளிம்பில் பட்டு வெளியே போனது. அவள் இரண்டு தடவை தொடர்ந்து தவறவிட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மூன்றாவது முறை விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. நான்தான் தட்டினேன்.

கேடயத்தை வாங்கிக்கொண்டு வரும்போது அவள் என்னோடு நடந்து வந்தாள். "அவங்களுக்குப் பெருநாள் எண்டு உங்களுக்குத் தெரியாதா மிஸ்?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே அறியக் கேட்டாள். "நாளைக்கு வகுப்புக்கு வருவதானே, மறுகா கதைப்பம்" என்று மழுப்பினேன். அவள் திங்கட்கிழமை வரவில்லை. பயணத்துக்குச் சாமான் அடுக்க ஊருக்குப் போய்விட்டாள்.

ஞாயிறென்பதால் கல்லூரி பூட்டியிருந்தது. கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். விளக்கு வைக்கும் நேரம் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஏறாவூர் மிஸ் இறங்கினார். புது உடுப்பு, கையில் துணியால் மூடிய ஒரு கண்ணாடிப் பாத்திரம். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வட்டிலப்பம் கொண்டுவருவார். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ரெண்டு நாளா உங்களுக்குக் கோல் எடுத்துக் கை உளைஞ்சு போச்சி. சுகமில்லயா மிஸ்?"

பொய்யைக்கூட அவரே எடுத்துக் கையில் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். "ஓம் மிஸ். சரியான தலையிடி. போனையே தொடல்ல."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். சரி, மெஸேஜக் கேட்டுட்டு ஆறுதலாச் சொல்லுங்க. பிள்ளைகள் எந்த நாள் எந்த நாள் எண்டு என்னைய அரிச்செடுக்காங்க" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தை வைக்க இடம் தேடியவரின் கண், தொலைக்காட்சிப் பக்கம் போய் நின்றது.

கேடயத்தில் ஒரு துணியாவது போட்டிருக்கலாம். நான் அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை.

"மெச் முடிஞ்சிட்டா?" என்றார்.

"நடுவர் வந்துட்டாரு மிஸ்... நேரம் பாத்து..." என்று எதையோ தொடங்கினேன்.

அவர் பாத்திரத்தை மேசையில் வைத்தார். மூடியிருந்த துணியைச் சரிசெய்தார். "ஆறினாப்போல வெட்டுங்க, அப்பதான் உடையாது" என்று சொல்லிவிட்டு ஓட்டோவுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் அந்தக் குரல் செய்தியைத் திறந்தேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"மிஸ், பிறை காணல்லயாம். பெருநாள் ஞாயிறுதான். அடுத்த ஞாயிறு எண்டா உங்கட கிரான் பிள்ளை பயணம் போயிருமாமே, எங்கட பிள்ளைகள் சொன்னாங்க. அந்தப் பிள்ளை இல்லாம உங்கள வெண்டு எங்களுக்கு என்ன பெரும? புதன்கிழமை பின்னேரம் எங்கட ஊர்லயே வெப்பமா? ஸ்கூல் லீவு, கிரவுண்ட் சும்மாதான் கிடக்கு. அதிபர்ட்டக் கேட்டுட்டன், ஓம் எண்டுட்டாரு. நீங்க ஒரு ஓம் சொன்னாச் சரி."

வெள்ளிக்கிழமை பின்னேரமே, நான் வெண்டிக்காயோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் என்னுடைய அணிக்காக ஓர் அதிபரிடம் போய் நின்றிருக்கிறார். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட ஒரு யோக்கியதை வேண்டும் என்று தோன்றியது.

இங்கே நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். அது ஞாயிறு இரவு. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒரு கோல் எடுத்து, பிழை என்னுடையது, புதன்கிழமை விளையாடுவோம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அதற்குள் பணிப்பாளர் கேடயப் படத்தை முகநூலில் போட்டுவிட்டார். தெரிந்தவர்கள் எல்லாம் எனக்கு வாழ்த்து எழுதினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினேன். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு நான் வகுப்பில் நின்று இறந்தகால வினைச்சொற்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. வியாழக்கிழமை கிரான் பிள்ளை விமானம் ஏறினாள்.

அடுத்த மாதம் லீக் கூட்டம் பட்டணத்தில் நடந்தது. இறுதிப் போட்டிக்கு ஓர் அணி வராதது ஏன் என்று தலைவர் கேட்டார். நான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். சொல்லத்தான் போகிறேன், இதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஓர் உறுப்பினர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "ஒவ்வொரு வருசமும் இந்தப் பிறைக் கரைச்சல்தானே. அவங்க தனியா ஒரு லீக் வெச்சா எங்களுக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். மூன்றாமவர் பழைய கதை எதையோ எடுக்கத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் இரண்டு சமூகத்துக்கும் இடையிலான அந்தப் பழைய கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்தால் பத்து வரும்.

ஏறாவூர் மிஸ்ஸின் போன் மேசையில் இருந்தது. அதில் என் பெயருக்கு நேரே வெள்ளிக்கிழமை எடுத்த மூன்று அழைப்புகளும் ஒரு குரல் செய்தியும் நாள், நேரத்தோடு இருந்தன. அவர் அதை எடுத்தார். முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு நிம்மதிகூட வந்தது. அவர் போனைக் குப்புறப் புரட்டி வைத்தார்.

"இதுக்குள்ள ஊர இழுக்காதீங்க. பிழை எங்கட. நான்தான் செயலாளருக்கு நேரத்தோட அறிவிக்கல்ல" என்றார்.

அத்தோடு பேச்சு அடங்கியது. "சரி, எழுதிக்கொள்ளுங்க" என்றார் தலைவர் என்னைப் பார்த்து. நான் எழுதினேன். 'ஏறாவூர்க் கல்லூரி போட்டிக்குச் சமுகமளிக்க முடியாமையைச் செயலாளருக்கு அறிவிக்கத் தவறியது.' எல்லோரும் மெச்சுகிற அந்தக் கையெழுத்தில், கோணாமல், ஓர் எழுத்தும் வெட்டாமல் எழுதினேன்.

கூட்ட அறிக்கை என்றால் அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய வேண்டும். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அந்த வரியை என் வாயாலேயே சத்தமாக வாசித்தேன். பட்டணத்துக்காரர் முன்மொழிந்தார். வழிமொழிய யார் என்று தலைவர் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தேநீரில் கவனமாக இருந்தார்கள். ஏறாவூர் மிஸ் கையை உயர்த்தினார். அவருடைய பெயரை நான் புத்தகத்தில் எழுதினேன்.

அந்தக் கூட்டத்திலேயே அடுத்த பருவத்துக்கு அணிகளைப் பதிந்தோம். ஏறாவூரிலிருந்து ஆண்களின் கரப்பந்தாட்ட அணி மட்டும்தான் வந்தது. பெண்கள் அணி இல்லையா என்று தலைவர் கேட்டபோது, "இருந்த பிள்ளைகள் படிச்சு முடிஞ்சி போயிட்டாங்க. புதுசாக் கேக்க இனி என்னால வீடு வீடா ஏற ஏலா சேர்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நாங்கள் இருவரும் தனியாக வந்தோம். அவருடைய பாத்திரம் அப்போதும் என்னிடம்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சீனியாவது, நாலு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நான் பலமுறை அதைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். எதைப் போட்டாலும் அது என் பிழைக்கு விலை பேசுவதுபோல இருந்தது. மறுபடி தூக்கி அலுமாரித் தட்டில் வைத்துவிடுவேன்.

கடைசிப் படியில் அவர் நின்று குடையை விரித்தார்.

"மிஸ், எண்ட ஏனத்த ஒரு நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார். ஓரடி வைத்துத் திரும்பி, "வெறும் ஏனமா எண்டாலும் பரவாயில்ல. நீங்க வாங்க" என்றார்.

கேடயம் பணிப்பாளர் அடித்த ஆணியில் தொங்குகிறது. அதன் கீழால்தான் நான் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போகிறேன். கல்லடியிலிருந்து ஏறாவூருக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பாத்திரம் இன்னும் எங்கள் குசினியில்தான் இருக்கிறது.